லூ-ஓ: பழங்கிரேக்க வினை ஒன்றைப் பிரித்துப் படிக்கும் முறை

பழங்கிரேக்கம் கற்கத் தொடங்கும் எவரும் முதல் சில பாடங்களிலேயே எதிர்கொள்ளும் வினை லூ-ஓ. 'அவிழ்க்கிறேன்' என்று பொருள். பாடநூல்கள் இதை மாதிரி வினையாக வைப்பதற்குக் காரணம் எளியது. இதன் அடி உயிரெழுத்தில் முடிகிறது. எதை ஒட்டினாலும் மெய்யும் மெய்யும் மோதித் திரிவதில்லை. ஏறத்தாழ எல்லா வடிவங்களும் விதிப்படியே வரும்.

ஆனால் பாடநூலின் பின்பக்க அட்டவணையில் இந்த ஒரு வினைக்கே நூற்றுக்கணக்கில் வடிவங்கள் இருக்கும். அதை மேலிருந்து கீழாக மனப்பாடம் செய்யத் தொடங்கியவர்களில் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். தமிழ் இலக்கணம் படித்தவருக்கு அந்த வழி தேவையே இல்லை. 'படித்தனர்' என்பதைப் பள்ளியில் படி + த் + த் + அன் + அர் என்று பிரித்தோம் அல்லவா? அதே பகுபத உறுப்பிலக்கணம் இங்கும் செல்லும். பகுதி, இடைநிலை, சாரியை, விகுதி எல்லாம் இருக்கின்றன. கூடுதலாக ஒன்று: கிரேக்கம் பகுதிக்கு முன்னாலும் உறுப்புகளை ஒட்டும்.

முதலில் ஒலி

எகரம்–ஏகாரம், ஒகரம்–ஓகாரம் என்ற வேறுபாட்டை ஆங்கிலம் வழியாகவோ இந்தி வழியாகவோ கிரேக்கம் படிப்பவர்கள் தடுமாறித்தான் பிடிக்கிறார்கள். நமக்கு அது பிறவியிலேயே இருக்கிறது. எப்சிலான் என்பது எ, ஏட்டா என்பது ஏ; ஒமிக்ரான் என்பது ஒ, ஒமேகா என்பது ஓ. இன்னொரு வசதியும் உண்டு. அ, இ, உ மூன்றிலும் குறில் நெடிலைக் கிரேக்க எழுத்து காட்டாது; தமிழ் எழுத்து காட்டிவிடும். லூ-ஓவின் நிகழ்காலத்தில் நெடில் 'லூ', முற்றுநிலையில் ('அவிழ்த்திருக்கிறேன்' என்ற வகை) குறில் 'லு'. கிரேக்க எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இது அத்தென்ஸ் நகர வழக்கு. ஹோமரின் செய்யுளில் நிகழ்கால அடி குறிலாகவும் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

இக்கட்டுரையில் வரும் எழுத்துகளைப் படிக்கச் சில எச்சரிக்கைகள். க, த எங்கே வந்தாலும் சொல்லின் முதலில் வருவதுபோல வல்லோசையாகவே ஒலியுங்கள். பின்னால் வரும் தெஸிஸ், தியலூ-ஓ இரண்டின் முதல் த மட்டும் 'பந்து'வில்போல் மெலியும். 'லெலுக' என்பதில் உள்ள க, 'கல்'லில் உள்ள க. 'பகல்' என்பதில் உள்ளதல்ல. 'ந்த' என்று எழுதினாலும் 'பந்து'வில்போல் மெலியக் கூடாது. 'த்ஹ' என்பது தீட்டா. த சொல்லும்போதே மூச்சை வெளியே தள்ள வேண்டும். உ, ஊ என்று எழுதியிருப்பது நம் உகரமல்ல. உகரத்துக்கு உதட்டைக் குவித்தபடி இகரத்தைச் சொன்னால் வரும் ஒலி. விகுதிகளில் வரும் ஊவும் 'ஊ' என்ற எதிர்மறைச் சொல்லும் மட்டும் விலக்கு. அதை இரண்டு எழுத்துகள் சேர்த்து எழுதுவார்கள், நம் ஊகாரம் போலவே ஒலிக்கும்.

தமிழர் செய்யும் தனிப்பட்ட பிழை ஒன்று உண்டு: உடம்படுமெய். உயிரும் உயிரும் சேர்ந்தால் நம் நாக்கு தானாக வகரத்தை நுழைத்து 'லூவோ' என்று சொல்லிவிடும். கிரேக்கத்தில் அந்த மெய் கிடையாது. லூ, ஓ இரண்டையும் தனித்தனி அசையாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இங்கே இடையில் கோடு போட்டிருக்கிறது.

என்ன பொருள்

கட்டியிருப்பதைக் கட்டில்லாமல் ஆக்குவது. மற்ற பொருள்கள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன. செருப்பு வாரை அவிழ்ப்பது, குதிரையை நுகத்திலிருந்து அவிழ்ப்பது, கைதியை விடுவிப்பது, கூட்டத்தைக் கலைப்பது, கட்டடத்தை இடிப்பது, ஒப்பந்தத்தை முறிப்பது. பொ.ஆ.மு. 432இல் அத்தென்ஸோடு செய்த உடன்படிக்கை முறிந்துவிட்டது என்று ஸ்பார்ட்டா வாக்களித்ததை வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதும்போது பயன்படுத்துவது இவ்வினைதான். ஹோமரிடம் ஒருவன் இன்னொருவனின் 'உறுப்புகளை அவிழ்த்தான்' என்று வந்தால் கொன்றான் என்று பொருள். அலெக்சாண்டர் கோர்டியோன் நகரில் எதிர்கொண்ட முடிச்சையும் 'லூ' செய்தவனே ஆசியாவை ஆள்வான் என்றுதான் சொல்லிவைத்திருந்தார்கள். அவன் அதை வாளால் வெட்டினான் என்பது கதை. வெட்டுவதும் 'லூ'வுக்குள் அடங்குமா என்று அன்றிலிருந்து வாதம் நடக்கிறது.

தமிழ் விவிலியத்தோடு ஒப்பிட்டுப் படிப்பவர்கள் இந்தப் பரப்பைக் கண்கூடாகப் பார்க்கலாம். மாற்கு 1:7இல் பாதரட்சையின் வாரை அவிழ்ப்பதும், யோவான் 11:44இல் லாசருவைக் கட்டவிழ்ப்பதும், யோவான் 2:19இல் ஆலயத்தை இடிப்பதும் கிரேக்கத்தில் ஒரே வினை. எனவே அகராதியில் முதலில் கண்ட பொருளை எல்லா இடத்திலும் ஒட்டாதீர்கள். செயப்படுபொருள் எது என்று பாருங்கள். பொருளை அதுவே முடிவுசெய்யும்.

பெயராக்கினால் லுஸிஸ், அதாவது அவிழ்ப்பு. கவிதையியலில் அரிஸ்டாட்டில் நாடகத்தின் பிற்பகுதிக்கு இட்ட பெயர் இது. முற்பகுதி தெஸிஸ், அதாவது கட்டு. கதையின் முடிச்சு அவிழ்கிறது என்று நாமும்தான் சொல்கிறோம். பொ.ஆ.மு. 411இல் அரங்கேறிய அரிஸ்டோஃபேனஸ் நாடகத்தின் தலைவி லூஸிஸ்த்ரதே, 'படையைக் கலைப்பவள்'. டயாலிசிஸ், பாரலிசிஸ் என்று மருத்துவமனையில் கேட்கும் 'லிசிஸ்' எல்லாம் இந்த லுஸிஸ்தான்.

ஆறு வடிவங்கள்

அட்டவணைக்குப் போகுமுன் இந்த ஆறையும் வாயில் வரும்படி செய்துகொள்ளுங்கள். கிரேக்க வினை எதுவானாலும் அதன் சாவிக்கொத்து இதுதான்.

1. லூ-ஓ: அவிழ்க்கிறேன்
2. லூஸோ: அவிழ்ப்பேன்
3. எலூஸ: அவிழ்த்தேன்
4. லெலுக: அவிழ்த்திருக்கிறேன்
5. லெலுமய்: அவிழ்க்கப்பட்டிருக்கிறேன்
6. எலுத்ஹேன்: அவிழ்க்கப்பட்டேன்

முதலாவதிலிருந்து நிகழ்காலமும் தொடர் இறந்தகாலமும் பிறக்கும். இரண்டாவதிலிருந்து எதிர்காலம். மூன்றாவது அயோரிஸ்ட் எனப்படும் இறந்தகாலம். நான்கும் ஐந்தும் முற்றுநிலை. ஆறாவதிலிருந்து செயப்பாட்டு அயோரிஸ்டும் செயப்பாட்டு எதிர்காலமும். முதல் மூன்றில் நெடில், கடைசி மூன்றில் குறில் என்பதைக் காதால் பிடித்துவையுங்கள்.

அகராதியில் தேட வேண்டியது முதல் வடிவத்தை. தமிழ் அகராதி பகுதியைத் தலைச்சொல்லாக வைக்கும். கிரேக்க அகராதி 'நான் அவிழ்க்கிறேன்' என்ற தன்மை ஒருமை வடிவத்தை வைக்கும். எலூஸ என்பதை எப்சிலானில் தேடினால் கிடைக்காது.

உறுப்புகள்

எலூஸமென் (அவிழ்த்தோம்) என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எ + லூ + ஸ + மென். முன்னால் நிற்கும் எ இறந்தகால அடையாளம். லூ பகுதி. ஸ அயோரிஸ்ட் இடைநிலை. மென் தன்மைப் பன்மை விகுதி. எதிர்காலத்தின் லூஸொமென் (அவிழ்ப்போம்) என்றால் லூ + ஸ் + ஒ + மென். இங்கே ஒ வெறும் சாரியை. இந்தச் சாரியை ம, ன எழுத்துகளுக்கு முன் ஒ என்றும், மற்ற இடங்களில் எ என்றும் வரும்.

இடைநிலைகள் குறைவுதான். எதிர்காலத்துக்கு ஸ், அயோரிஸ்டுக்கு ஸ, செய்வினை முற்றுநிலைக்கு க, செயப்பாட்டு அயோரிஸ்டுக்கு த்ஹே. நிகழ்காலத்துக்கு எதுவும் இல்லை. முன்னொட்டுகள் இரண்டே: எ, லெ.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் பிழைகள்தான் தொடக்கநிலை விடைத்தாள்களில் மிகுதி. எ என்பது காலம் காட்டுவது. நடந்ததை நேரடியாகச் சொல்லும் முற்றுவினையில் மட்டும் இருக்கும். ஏவல், எச்சம், 'அவிழ்க்க' என்பது போன்ற வடிவம் எதிலும் அது வராது. ஆகவே எலூஸ என்றாலும் 'அவிழ்க்க' என்பதற்கு லூஸய்தான். 'எலூஸய்' என்று ஒன்று கிடையாது. லெ அப்படியல்ல. பகுதியின் முதல் மெய்யோடு எகரம் சேர்த்து இரட்டித்த அது முற்றுநிலையின் அங்கம். எங்கு போனாலும் கூடவே போகும். லெலுகெனய் (அவிழ்த்திருக்க), லெலுகோஸ் (அவிழ்த்திருப்பவன்), லெலுஸ்த்ஹய் (அவிழ்க்கப்பட்டிருக்க) எல்லாவற்றிலும் லெ நிற்கும்.

விகுதிகள்

நிகழ்காலச் செய்வினை இப்படி ஓடும்: லூ-ஓ, லூ-எய்ஸ், லூ-எய், லூ-ஒமென், லூ-எதெ, லூ-ஊஸி. எதிர்காலத்துக்கு இதே விகுதிகள், நடுவில் ஸ் மட்டும்: லூஸோ, லூஸெய்ஸ், லூஸெய்… எதிர்காலத்தைத் தனியாக மனப்பாடம் செய்வது வீண்வேலை.

தொடர் இறந்தகாலம்: எலூ-ஒன், எலூ-எஸ், எலூ-எ, எலூ-ஒமென், எலூ-எதெ, எலூ-ஒன். முதலும் கடைசியும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். 'நானா, அவர்களா' என்பதை எழுவாயோ சூழலோதான் சொல்லும்.

அயோரிஸ்ட்: எலூஸ, எலூஸஸ், எலூஸெ, எலூஸமென், எலூஸதெ, எலூஸன். முற்றுநிலை: லெலுக, லெலுகஸ், லெலுகெ, லெலுகமென், லெலுகதெ, லெலுகாஸி.

இருமை எண்ணும் உண்டு. முன்னிலையில் 'நீங்கள் இருவரும் அவிழ்க்கிறீர்கள்' என்பதற்கு லூ-எதொன். ஹோமர் படிக்கும்வரை ஒதுக்கிவைக்கலாம்.

கிரேக்க வினை பால் காட்டாது. லூ-எய் என்றால் அவிழ்க்கிறான், அவிழ்க்கிறாள், அவிழ்க்கிறது எல்லாமே. எழுவாய் அலிப்பால் பன்மையாக இருந்தால் வினை ஒருமையில் வரும் என்பது பலரைத் திகைக்கவைக்கும் விதி. 'மாடுங்க ஓடுது' என்று பேசுகிறவர்களுக்கு அதில் திகைக்க ஒன்றுமில்லை.

நடுவினை: 'கொள்' வினை

செய்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் நடுவே கிரேக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. ஆங்கில நூல்கள் இதை விளக்கப் பக்கங்களைச் செலவிடுகின்றன. தமிழில் ஒரே துணைவினை போதும்: 'கொள்'. லூ-ஓ என்றால் அவிழ்க்கிறேன்; லூ-ஒமய் என்றால் எனக்காக அவிழ்த்துக்கொள்கிறேன். ஆளைப் பற்றிப் பேசும்போது வேறுபாடு கூர்மையாகும். பிடித்துவைத்திருப்பவன் ஆளை விடுவித்தால் செய்வினை. உறவினர் பணம் கொடுத்து மீட்டுக்கொண்டால் நடுவினை. மீட்புத்தொகைக்கு லுத்ரொன் என்று பெயர். மாற்கு 10:45இன் 'மீட்கும்பொருள்' அதுவே.

விகுதிகள்: லூ-ஒமய், லூ-ஏய், லூ-எதய், லூ-ஒமெத்ஹ, லூ-எஸ்த்ஹெ, லூ-ஒந்தய். இறந்தகாலத்தில் எலூ-ஒமேன், எலூ-ஊ, எலூ-எதொ, எலூ-ஒமெத்ஹ, எலூ-எஸ்த்ஹெ, எலூ-ஒந்தொ. முன்னிலை ஒருமை மட்டும் வரிசைக்குப் பொருந்தாமல் நிற்கும். அங்கே முதலில் 'எஸய்', 'எஸொ' என்றுதான் இருந்தது. இரண்டு உயிருக்கு நடுவே ஸ் தேய்ந்து மறைய, மிஞ்சிய உயிர்கள் கூடி ஏய், ஊ ஆகின. முற்றுநிலையில் லெலுஸய் என்று அந்த ஸ் அப்படியே இருப்பதைப் பார்க்கலாம்.

நிகழ்காலத்திலும் தொடர் இறந்தகாலத்திலும் முற்றுநிலையிலும் செயப்பாட்டுக்கும் இதே வடிவங்கள்தான். லூ-எதய் என்பது 'அவிழ்த்துக்கொள்கிறான்' ஆகவும் 'அவிழ்க்கப்படுகிறான்' ஆகவும் இருக்கலாம். செயப்படுபொருள் ஒன்று கூட வந்தால் பெரும்பாலும் நடுவினை. 'ஹுபொ' என்ற இடைச்சொல்லோடு 'இன்னாரால்' என்று வந்தால் செயப்பாட்டு. எதிர்காலத்திலும் அயோரிஸ்டிலும் இந்தக் குழப்பம் இல்லை. த்ஹே இருந்தால் செயப்பாட்டு.

காலத்தைவிட நிலை முக்கியம்

தொடர் இறந்தகாலத்தின் எலூ-எ 'அவிழ்த்துக்கொண்டிருந்தான்'. சில இடங்களில் 'அவிழ்க்கப் பார்த்தான்', முடிந்ததா என்று தெரியாது. அயோரிஸ்டின் எலூஸெ 'அவிழ்த்தான்', முடிந்தது. லெலுகெ 'அவிழ்த்திருக்கிறான்', அதன் விளைவு இப்போதும் நிற்கிறது. ஹோமரின் இலியட் இரண்டாம் காண்டத்தின் 135ஆம் அடியில், ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு கப்பல்களின் மரம் உளுத்துவிட்டது, கயிறுகள் 'லெலுந்தய்' என்கிறான் கிரேக்கரின் படைத்தலைவன் அகமெம்னான். யார் அவிழ்த்தது என்ற கேள்வியே இல்லை. நெகிழ்ந்து கிடக்கின்றன, அவ்வளவுதான். 'இரு' என்ற நம் துணைவினையின் வேலை இது.

ஏவலில் காலமே கிடையாது, நிலை மட்டும்தான். லூ-எ 'அவிழ்த்துக்கொண்டிரு', லூஸொன் 'அவிழ்த்துவிடு'. யோவானின் இரண்டு இடங்களிலும் வருவது லூஸதெ, அயோரிஸ்ட் ஏவல். எதிர்மறையில் ஒரு பள்ளம் உண்டு. 'அவிழ்த்துக்கொண்டிராதே' என்பதற்கு 'மே லூ-எ' சரி. ஆனால் 'அவிழ்க்காதே' என்பதற்கு 'மே லூஸொன்' என்று எழுதுவது பிழை. அங்கே சப்ஜங்டிவ் (நடந்ததைச் சொல்லாமல் 'செய்வோமாக' என்பதுபோல் வரும் வடிவம்) வேண்டும்: மே லூஸேய்ஸ்.

அந்த சப்ஜங்டிவ் தமிழ் எழுத்தில் மிக எளிது. சாரியையின் குறிலை நெடிலாக்குங்கள். லூ-ஒமென் 'அவிழ்க்கிறோம்', லூ-ஓமென் 'அவிழ்ப்போமாக'. லூ-எதெ, லூ-ஏதெ. ஆப்டேட்டிவ் என்பது சாரியையில் ஒய் அல்லது அய் ஏறிய வடிவம்: லூ-ஒய்மி, லூஸய்மி. நம் வியங்கோளுக்கு அது பக்கத்து வீடு.

எச்சங்கள்

'குதிரையை அவிழ்த்துவிட்டுப் போனான்' என்பதில் 'அவிழ்த்துவிட்டு' கிரேக்கத்தில் லூஸாஸ், அயோரிஸ்ட் எச்சம். இரண்டு முற்றுவினைகளை 'கய்' என்ற இணைப்புச்சொல் போட்டு இணைப்பதைவிட இப்படி எழுதுவதையே கிரேக்கர் விரும்பினர். தமிழ் வாக்கியம் எப்படி ஓடுமோ அப்படியே ஓடுகிறது. ஆனால் நம் வினையெச்சம் மாறாது. அவர்களுடையது பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் மாறும். அவிழ்த்தவள் என்றால் லூஸாஸ, பொருள் என்றால் லூஸன். மாற்ற மறப்பதுதான் தமிழ் மாணவரின் வழக்கமான சறுக்கல்.

முன்சேர்க்கை

உரைநடையில் தனி லூ-ஓவைவிட அபொலூ-ஓ (விடுதலை செய்), கதலூ-ஓ (கவிழ்), தியலூ-ஓ (பிரித்துக் கலை) போன்ற கூட்டு வடிவங்கள் அடிக்கடி வரும். இறந்தகால எ இவற்றில் சொல்லின் முதலில் வராது. முன்சேர்க்கைக்கும் பகுதிக்கும் நடுவே நுழையும். அபொ + எ + லூஸ, அபெலூஸ. கத + எ + லூஸ, கதெலூஸ. ஆகவே புரியாத சொல் ஒன்றின் நடுவில் 'எலூ' கண்ணில்பட்டால் அங்கேயே கத்தியை வையுங்கள். கதலூ-ஓவுக்கு 'தங்கு' என்ற பொருளும் உண்டு. வண்டி மாட்டை அவிழ்க்கும் இடம் தங்குமிடம்தானே. லூக்கா 2:7இல் இடமில்லாமல் போன சத்திரம் 'கதலும'.

ஒன்றுபோல் தோன்றுபவை

லூஸய் என்று தமிழில் எழுதினால் மூன்று சொற்கள் ஒன்றாகிவிடும்: 'அவிழ்க்க' (அயோரிஸ்ட்), 'நீ அவிழ்த்துக்கொள்' (நடுவினை ஏவல்), 'அவன் அவிழ்ப்பானாக' (ஆப்டேட்டிவ்). கிரேக்க எழுத்தில் முதல் இரண்டுக்கும் லூவின் மேல் வளைகுறி, மூன்றாவதற்குச் சாய்குறி. குறியை அலங்காரம் என்று தள்ளிவிடாதீர்கள். லூ-ஊஸி 'அவிழ்க்கிறார்கள்', அதுவே எச்சத்தின் நான்காம் வேற்றுமையாக 'அவிழ்ப்பவர்களுக்கு'. லூஸோ எதிர்காலத்தின் 'அவிழ்ப்பேன்', அயோரிஸ்ட் சப்ஜங்டிவின் தன்மை ஒருமையும் அதுவே. இங்கே குறிகூட உதவாது.

எல்லா வினையும் இப்படியே இருக்கும் என்று நம்பிவிடவும் வேண்டாம். லம்பனோ (எடுக்கிறேன்) என்பதன் ஆறு வடிவங்களில் எதிர்காலம் லேப்ஸொமய், அயோரிஸ்ட் எலபொன். விகுதிகள் அனைத்தும் நீங்கள் லூ-ஓவில் கற்றவைதான், பகுதிதான் உருமாறுகிறது. அதனால்தான் ஒவ்வொரு புதிய வினையையும் ஆறு வடிவங்களோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

பயிற்சிக்கு மூன்று அடிகள்

இலியட் முதல் காண்டத்தைத் திறந்து 13, 20, 29 ஆகிய அடிகளைப் பாருங்கள். அப்போலோவின் பூசாரி க்ரூஸேஸ், சிறைப்பட்ட மகளுக்காகக் கிரேக்கரின் பாசறைக்கு வருகிறான். 13இல் அவன் லூஸொமெனொஸ்: லூ + ஸ் + ஒ + மெனொஸ், எதிர்கால நடுவினை எச்சம், 'மீட்டுக்கொள்வதற்காக'. 20இல் அவன் படைவீரர்களிடம் லூஸய்தெ என்கிறான்: லூ + ஸ + ய் + தெ, அயோரிஸ்ட் ஆப்டேட்டிவ், 'விடுவிப்பீர்களாக'. இப்போது செய்வினை, ஏனென்றால் பிடித்துவைத்திருப்பவர்கள் அவர்கள். 29இல் அகமெம்னான் மறுக்கிறான்: ஊ லூஸோ. மேலே சொன்ன இரட்டைப் பொருள் இங்கே தடுக்கும். எதிர்காலமா, சப்ஜங்டிவா? முன்னால் நிற்கும் எதிர்மறைச் சொல்லைப் பாருங்கள். இப்படித் தனித்து நிற்கும் வாக்கியத்தில் சப்ஜங்டிவ் என்றால் 'மே' வந்திருக்கும். வந்திருப்பது 'ஊ'. ஆகவே எதிர்காலம்: 'விடமாட்டேன்'.